சிவப்பின் மேல் சிவப்பு

பக்கத்து வீட்டு நஸீமா ராத்தா நோன்பு மாதத்தில் ஒரு நாள் வேலிக்கு மேலால் ஒரு தட்டு நீட்டுவார். இந்த வருடமும் நீட்டினார். வட்டமான கண்ணாடித் தட்டு, அதில் விரல் கனத்துக்கு உறைந்த கடற்பாசி இனிப்பு, நல்ல சிவப்பு. நன்றி சொல்லி வாங்கினேன். வாங்கியவள் சமையலறைக்குப் போகாமல் நேரே ஜன்னலுக்குப் போய், தட்டைக் கண் உயரத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, மேலே ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகள் பின்னாலிருந்து, "அம்மா, அது திங்கிறதும்மா. ரிப்போர்ட் எழுதிறாத" என்றாள்.

என்ன செய்ய, கை அப்படிப் பழகிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் பதுளையில் ஒரு ஆய்வுகூடத்தில் கிருமி வளர்த்தேன். மாடு வளர்த்தவர்கள், கோழி வளர்த்தவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எத்தனையோ பேர். கிருமி வளர்த்துச் சம்பளம் வாங்கினவள் நான் ஒருத்திதான். அந்தக் கிருமிகளுக்கு நாங்கள் விரித்துக் கொடுத்த பாயும் இதே கடற்பாசிதான். ஆய்வுகூடத்தில் அதற்கு அகார் என்று பெயர். நஸீமா ராத்தா அதில் சீனியும் ரோஸ் சிரப்பும் ஊற்றுகிறார், நாங்கள் இறைச்சிச் சாறும் உப்பும் போட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். இதை அவரிடமே ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவிட்டேன். அந்த வருடம் எங்கள் வீட்டுக்குக் கடற்பாசி வரவில்லை.

ஆய்வுகூடத்தின் பின்பக்கம் மீடியா ரூம் என்று ஒரு சின்ன அறை இருந்தது. கிருமிக்கான சாப்பாடு சமைக்கிற இடம். சின்ன வயதில் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், கிறிஸ்மசுக்கு ஆட்டெலும்பு வேகும்போது வரும் வாசனை, அதோடு பேக்கரியில் மாவு புளிக்கிற வாசனை, இரண்டும் கலந்து அந்த அறைக்குள் எப்போதும் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு அங்கே போனாலே பசிக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாள் வயிறு உரக்கச் சத்தம் போட்டது. ஆய்வுகூடத்துப் பொறுப்பாளர் சந்திரா மிஸ் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் சோற்றுப் பார்சலில் பாதியை எனக்கு ஒதுக்கினார்.

சந்திரா மிஸ் சிங்களவர். தமிழ் பேசுவார், ஆனால் பாதி வாக்கியத்தை "தானே" என்றுதான் முடிப்பார். எனக்கு முதல் திட்டு விழுந்ததும் அந்தத் தானேயோடுதான். எக்ஸ்.எல்.டி. என்று ஒரு சிவப்பு மீடியா உண்டு. அதன் தூளைத் தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி, தட்டுகளில் ஊற்றிவிட வேண்டும். நான் லயத்துப் பிள்ளை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் பொங்கப் பொங்கக் கொதித்தால்தான் தண்ணீர். அதனால் மிகுந்த அக்கறையோடு அதை நீராவி அடுப்பில் பூட்டி, மற்ற மீடியாக்களை அவிப்பது போலவே நன்றாக அவித்து எடுத்தேன். வெளியே வந்தது சிவப்பு மீடியா இல்லை, கலங்கிய செம்மண் தண்ணீர். சந்திரா மிஸ் குடுவையை ஆட்டிப் பார்த்து, "நங்கி, இது சோறு இல்லைதானே" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. ஒரு மாதத்துக்கு அந்த அறையில் என் பெயர் சோத்து நங்கி.

இந்த மீடியாக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பயப்படாதீர்கள். மனிதன் வயிற்றுக்குள் இருக்கிற கிருமிகளைச் சாதாரண அகாரில் தடவினால் எல்லாமும் சேர்ந்து முளைக்கும். சந்தை நாளில் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் போய் ஒரு ஆளைத் தேடுவது மாதிரி ஆகிவிடும். அதனால் மீடியாவுக்குள் பித்த உப்பு போன்ற சில சாமான்களைச் சேர்த்து, வேண்டாத கூட்டத்தைத் தடுக்கிறோம். அதையும் தாண்டி வருகிறவர்களுக்குச் சீனி வைக்கிறோம். சீனி தின்கிற கிருமி புளிப்பை விடும், தட்டு மஞ்சளாகும். அது பெரும்பாலும் நம் வயிற்றில் வழக்கமாகக் குடியிருக்கிற சாது. சீனியைத் தொடாமல் இருக்கிறவர்தான் சந்தேகத்துக்குரிய ஆள். இரத்தமும் சளியுமாக வயிற்றால் போகவைக்கிற ஷிகெல்லா அப்படிப்பட்டது. எக்ஸ்.எல்.டி. தட்டில் அது மஞ்சளாகவும் ஆகாது, வேறு சில நோய்க்கிருமிகளைப் போலக் கறுப்பாகவும் ஆகாது. சிவப்பின் மேல் சிவப்பாக, ஒரு பனித்துளி அளவுக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். என் ஜன்னல் பழக்கம் அங்கே வந்தது.

இதையெல்லாம் வீட்டில் எப்படிச் சொல்வது? எங்கள் தோட்டம் பூனாகலைக்குப் போகிற பாதையிலிருந்து உள்ளே ஏற வேண்டும். பெயர் வேண்டாம். அப்பா தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தார். மகளுக்கு அரசாங்க வேலை கிடைத்ததும் கோயிலில் பூசைக்குக் காசு கொடுத்து, லயம் முழுக்க டொபி பங்கிட்டார். முதல் லீவில் நான் வந்தபோது வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார்ந்து, பெரியப்பாவும் மற்ற எல்லாரும் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டார்.

"என்னா வேலமா அது? வெளக்கமாச் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

நான் மனசுக்குள் எத்தனையோ மாதிரி சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "நோயாளிங்களோட மலம், மூத்திரம், சளி எல்லாம் வரும்பா. அதுல என்னா கிருமி இருக்குன்னு பாக்கிறது" என்றேன்.

 பெரியப்பாதான் முதலில் வாய் திறந்தார். "இத்தன படிப்புப் படிச்சு கடைசியில வாசக்கூட்டி வேலயா? அதுக்கு நம்ம அந்தோணி போதாதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வாசக்கூட்டி என்றால் தோட்டத்தில் கக்கூஸும் சாக்கடைக் கானும் கழுவுகிற ஆள். அந்தோணி அண்ணன் எங்கள் தோட்டத்து வாசக்கூட்டி. அவரை யாரும் தங்கள் வீட்டு அறைக்குள், காம்பராவுக்குள், கூப்பிட்டு உட்கார வைக்க மாட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தாலும் தனிக் கோப்பை. வேதம் ஒன்று, கோயில் ஒன்று, கோப்பை மட்டும் வேறு. அன்றைக்கு அப்பா சிரிக்கவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தோணி அண்ணனோடு சேர்த்துச் சொன்னதற்காக அவமானப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போது இன்னும் அவமானமாக இருக்கிறது.

பேரிக்காய்க் காலம் முடிந்து மழை பிடித்த ஒரு வாரத்தில் அந்தச் செய்தி வந்தது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடத்தில், பிள்ளைகளுக்கு இரத்தமாகப் போகிறது. மூன்று பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அதில் ஒருத்தி என் பெரியப்பாவின் பேத்தி புஷ்பா. மூன்று வயது. மற்றப் பிள்ளைகள் லயத்தில் கிடந்தார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவுக்கு ஒரே முடிவு: கண்ட கண்ட பேரிக்காயைத் தின்று வயிறு கெட்டுவிட்டது, தண்ணீரில் ஒன்றும் இல்லை. தோட்டம் முழுக்க ஒரே ஊற்றிலிருந்துதான் நாங்கள் குடம் வைத்துப் பிடிக்கிற பீலிகளுக்குத் தண்ணீர் வந்தது. ஊற்று கெட்டிருக்கிறது என்றால் தோட்டத்து மேலாளரான தொரை அதை மூட வேண்டும், பவுசரில் தண்ணீர் கொண்டுவர வேண்டும், புதுக் குழாய் போட வேண்டும். பேரிக்காய் என்றால் யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

லயத்தில் கிடந்த பிள்ளைகளின் மல மாதிரிகள் ஒன்பது போத்தல்களில் தோட்டத்து லொறியில் வந்தன. வார்ட்டில் சேர்த்த மூவருக்கும் மருந்து தொடங்கிவிட்டதால் அவர்களிடம் எடுக்கவில்லை. நானே கேட்டு வாங்கி, நானே கம்பி வளையத்தால் தொட்டுத் தட்டுகளில் இழுத்துத் தடவினேன். மறுநாள் காலை வளர்ப்புப் பெட்டியைத் திறந்தால் தட்டுகள் ஊற்றிவைத்தபடியே இருந்தன. இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன், அப்படியேதான். நான் புதியவள், அவசரக்காரி. ஒன்பது தாளிலும் "கிருமி எதுவும் வளரவில்லை" என்று என் கையால் எழுதினேன். சந்திரா மிஸ் இரண்டு நாள் கொழும்பில் கூட்டத்துக்குப் போயிருந்தார். ரிப்போர்ட் தோட்டத்துக்குப் போனது. டிஸ்பென்சர் ஐயா அதைத் தொரையிடம் காட்டி, "லேபே சொல்லிட்டாங்க. அதுவும் இந்தத் தோட்டத்துப் புள்ளயே எழுதிக் குடுத்திருக்கு" என்றாராம்.

சந்திரா மிஸ் வந்ததும் தட்டுகளைப் பார்த்தார். ஒரு தட்டு, இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு. பிறகு என்னைப் பார்த்தார்.

"நங்கி, நோய்க் கிருமி இல்லாட்டிப் போகட்டும். சாதுக் கிருமி எங்க? மஞ்சள் ஒண்ணுகூட இல்லைதானே. மனுசன் வயித்துல இருந்து வந்தது எப்படி இவ்வளவு சுத்தம்?"

 அதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். சீனி தின்னாத ஆளைத் தேடுகிற மும்முரத்தில், சீனி தின்கிறவர்களும் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்த பிறகு மாதிரி எடுத்திருப்பார்களோ என்று மிஸ் யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் போய்ப் போத்தல்களை எடுத்தேன். கிறீம் போத்தல், சிரப் போத்தல், எல்லாம் பளபளவென்று இருந்தன. ஒன்றைத் திறந்து முகர்ந்தேன். வர வேண்டிய நாற்றத்துக்கு அடியில் வேறு ஒரு வாசனை. டெட்டோல்.

புரிந்துவிட்டது. எங்கள் சனம் டாக்டரிடம் போகிறது என்றால் சாகக் கிடந்தாலும் குளித்து, பெட்டியில் இருக்கிற நல்ல சேலையை உடுத்திக்கொண்டுதான் போகும். அழுக்கு என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அப்படிப்பட்டவர்களிடம் போய் மலத்தைப் போத்தலில் போட்டுக் கொடு என்றால் என்ன செய்வார்கள்? வார்ட்டுக்கு ஓடினேன். புஷ்பாவின் அம்மா, மேரி அண்ணி, கட்டிலோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. அண்ணியின் சின்ன மகனுடைய மாதிரியும் அந்த ஒன்பதில் ஒன்று.

"அண்ணி, போத்தல்ல டெட்டோல் ஊத்துனீங்களா?"

அண்ணி ஏதோ நல்ல காரியத்தை நான் கண்டுபிடித்துவிட்டது போலக் கூச்சத்தோடு சிரித்தார். "கொஞ்சந்தாம்மா. எல்லாரும் ஊத்துனோம். ஒன்பது போத்தலையும் தொறக்கிறது நம்ம புள்ளன்னு சொன்னாங்க. ஒனக்கு நாத்தம் அடிக்கக் கூடாதுல்ல?"

கிருமியைக் கொல்ல ஊற்றவில்லை, எனக்காக ஊற்றினார்கள். பெரியப்பா சிரித்த வேலையில் இருக்கிற எனக்காக. அந்த வார்ட்டின் நடுவில் நின்று அழுதேன். அண்ணி பயந்துபோய், "சரி சரி, இனி ஊத்த மாட்டோம்" என்றார்.

அடுத்த நாள் ஞாயிறு. சந்திரா மிஸ் நான் போக அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பஞ்சுக்குச்சிகளும், கிருமி சாகாமல் கொண்டுவருவதற்கான கூழ் நிரப்பிய குழாய்களும் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில் கோயில் வாசலில் நின்றேன். ஒவ்வொரு பிள்ளையின் பின்பக்கத்திலும் குச்சியை விட்டு எடுக்க வேண்டும் என்று சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நின்ற தாய்மார் முகத்தை மூடிக்கொண்டார்கள். கங்காணி வானத்தைப் பார்த்தார். யாரும் முன்னுக்கு வரவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் தனியே நின்ற அந்தோணி அண்ணன்தான் வந்தார். "கூடையக் குடு தங்கச்சி" என்றார். பிறகு திரும்பி, அவர் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை, "எதுக்கு வெக்கம்? ஒங்க எல்லாத்தோட கக்கூஸையும் நாந்தான் கழுவுறேன். எந்தக் காம்பராவுல எந்தப் புள்ளைக்கு ரத்தமாப் போகுதுன்னு டிஸ்பென்சருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வாங்க" என்றார். காம்பரா காம்பராவாக அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். எந்த வாசலிலும் அவரை வெளியே நிற்கச் சொல்ல அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை. பதினொரு பிள்ளைகள். அழுகிற பிள்ளையை அவர் பிடித்துக்கொள்ள நான் எடுத்தேன். முடிந்ததும் என்னை மேலே ஊற்றுக்குக் கூட்டிப் போனார். ஊற்றுக்கு மேலே, மழையில் ஒரு பக்கம் இடிந்து, ஒரு பழைய கக்கூஸ் குழி. "ரெண்டு மாசமாச் சொல்றேன். வாசக்கூட்டி சொன்னா யாரு கேக்குறா?" என்றார். ஊற்றுத் தண்ணீரையும் ஒரு போத்தலில் பிடித்தேன், அவித்துச் சுத்தம் செய்து நானே கொண்டுபோன போத்தலில்.

பின்னேரமே பதுளைக்குத் திரும்பித் தட்டுகளில் இழுத்தேன். திங்கட்கிழமை காலை சந்திரா மிஸ்ஸும் நானும் சேர்ந்து பெட்டியைத் திறந்தோம். மஞ்சள் நிறையவே இருந்தது. மஞ்சளைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். பிறகு முதல் தட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தேன். சிவப்பின் மேல் சிவப்பு. சின்னச் சின்னதாக, மினுமினுப்பாக, ஒன்றல்ல, வரிசையாக. பதினொன்றில் எட்டுத் தட்டில் இருந்தன. மறுநாள் அந்தக் கிருமியைக் கண்ணாடிச் சில்லில், ஆளை அடையாளம் காட்டுகிற ஒரு சொட்டுச் சீரத்தோடு கலந்தபோது பால் திரிகிற மாதிரித் திரிந்து, ஷிகெல்லாதான் என்று உறுதியானது. ஊற்றுத் தண்ணீர் ஊற்றிய தட்டில் மலத்துக் கிருமி மொய்த்தது. சந்திரா மிஸ் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "சோத்து நங்கி, இப்ப எழுதுங்க" என்றார். எழுதினேன். பழைய ஒன்பது ரிப்போர்ட்டும் பிழை, மாதிரி கெட்டிருந்ததைக் கவனிக்காதது என் தவறு என்றும் சேர்த்து எழுதினேன். 

அந்தத் தாளோடு சுகாதாரப் பரிசோதகர் தோட்டத்துக்குப் போனார். ஊற்றை மூடினார்கள், பவுசர் வந்தது, குழியை மூடி வேறு இடத்தில் கட்டினார்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகிறது என்று நாங்கள் தட்டில் பார்த்துச் சொன்ன மருந்தையே வார்ட்டில் கொடுத்தார்கள். நான்காம் நாள் புஷ்பா எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாள். வேறு ரொட்டி இல்லை, நான் மத்தியானத்துக்குக் கொண்டுபோனதைத்தான் கொடுத்தேன். அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாக எனக்கு இன்றுவரை யாரும் எந்தப் பட்டமும் தந்ததில்லை.

அடுத்த லீவில் போனபோது அண்ணிதான் மற்றதைச் சொன்னார். காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற இடத்தில், பெரியப்பா என் வேலையைப் பற்றி ஏதோ சொல்ல வாய் எடுத்தாராம். அப்பா அவரை முந்திக்கொண்டு, "ஆமாண்ணே, எம் மக பீயத்தான் பாக்குறா. அதுனாலதான் ஒம் பேத்தி ஒக்காந்து சோறு திங்கிறா" என்றாராம். கங்காணி சிரிக்க, பெரியப்பாவும் சிரித்துவிட்டாராம். அன்று பின்னேரம் அப்பா அந்தோணி அண்ணனை எங்கள் காம்பராவுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, எங்கள் வீட்டுக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார். அண்ணன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே இருந்தார் என்று அம்மா சொன்னார்.

போன மாதம் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, இரத்தம் சோதிக்கக் கொடுக்க அதே ஆய்வுகூடத்துக்குப் போனேன். மீடியா ரூமில் உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. தட்டுகள் ஊற்றி, மூடி, பைக்குள் அடைத்துக் கொழும்பிலிருந்து வருகின்றன. கிருமிக்குப் பெயர் சொல்ல ஒரு மெஷின் இருக்கிறது. எலும்புச் சாற்று வாசனை சுத்தமாகப் போய்விட்டது, யாருடைய வயிறும் அங்கே இனிச் சத்தம் போடாது. சந்திரா மிஸ் மாத்தறையில் மகளோடு இருக்கிறார், போனில் பேசினால் பாதி சிங்களம், தானே மட்டும் அப்படியே. அப்பா இல்லை, அந்தோணி அண்ணனும் இல்லை. பழைய லயத்தில் பாதியை இடித்துத் தனி வீடு கட்டிவிட்டார்கள். வீட்டுக்குள்ளேயே குழாய் வருகிறது, பீலி இருந்த இடத்தில் காட்டுச் சூரியகாந்தி முளைத்துக் கிடக்கிறது.

இரத்தம் எடுத்த தம்பியிடம் எங்கள் தோட்டத்துப் பெயரைச் சொல்லி, "அங்கருந்து சிவப்புத் தட்டுல ஏதாவது வருதா?" என்று கேட்டேன்.

"நா வந்து ஏழு வருஷம் ஆச்சுங்க மிஸ், அந்தத் தோட்டத்துப் பேர்ல ஷிகெல்லா ஒண்ணுகூடப் பாக்கல. புதுசா வர்றவங்களுக்கு அது எப்பிடி இருக்கும்னு காட்டணும்னா ஃப்ரீசர்ல வச்சிருக்கிறதத்தான் எடுத்து வளக்கணும்" என்றார்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வாசனை போனது, அறை போனது, மனிதர்கள் போனார்கள். ஒவ்வொன்றுக்கும் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பிள்ளைகளின் வயிற்றிலிருந்து போன அந்தச் சிவப்புக்காக மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன், அது போனதில் என் கையும் கொஞ்சம் இருக்கிறது.

ஜன்னலடியில் நஸீமா ராத்தாவின் தட்டை இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தேன். மகள் கத்தியோடு வந்து, "என்னாம்மா, ரிப்போர்ட் எழுதியாச்சா?" என்றாள்.

"எழுதியாச்சுடி. கிருமி எதுவும் வளரல."

எங்கள் தோட்டத்துக்கு நான் முதன்முதலாக எழுதியதும் இதே வரிதான். அன்றைக்கு அது பொய். அது மெய்யாவதற்கு ஒரு முழு உத்தியோக காலம் எடுத்தது.